தூசிக்கும் பெயர் சொன்ன வாசல்

சுண்ணாங்குறிச்சிக்காரர்களின் முகங்கள் கலங்கிப்போனது சிமெண்டு ஆலைக்காரர்கள் மேற்குச் சுரங்கத்தில் பெரிய வெடி வைத்த மறுநாள்தான் என்று சிலரும், இல்லை, அதற்கு முன்பிருந்தே கொஞ்சங்கொஞ்சமாகக் கலங்கிக்கொண்டுதான் இருந்தன, நாம்தான் யாரும் யாரையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை என்று சிலரும் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எப்படியோ, வெடித்தூசி ஊர்மேல் எழும்பி, ஓடுகளிலும் முருங்கை இலைகளிலும் எருமைகளின் முதுகிலும் காயப்போட்ட சேலைகளிலும் படிந்து, மெல்ல மெல்ல எல்லாம் அடங்கிய பிறகு, முகங்கள் மட்டும் அடங்கவில்லை. டீக்கடை நாகப்பனின் முகம் மழை வழிகிற கண்ணாடிக்குப் பின்னால் நிற்பவன் முகம் போலாயிற்று. தபால்கார அம்மாவின் முகம் நகலை நகலெடுத்து நகலெடுத்துத் தேய்ந்த தாள் மாதிரி பொரிப்பொரியாக ஆயிற்று. கணக்கு வாத்தியார் அசையாமல் நின்றாலும் அவர் முகம் ஓடுகிற பஸ்ஸிலிருந்து எடுத்த படம்போல ஒரு பக்கமாக இழுபட்டுக்கிடந்தது. சிலருக்கு முகம் சின்னச் சின்னச் சதுரங்களாக உடைந்து, டிவியில் சிக்னல் போன நேரத்தில் செய்தி வாசிப்பவர் முகம்போல நின்றுவிட்டது.

கண்ணில்தான் கோளாறு என்று டவுனிலிருந்து ஒரு கண் டாக்டரைக் கூட்டிவந்து முகாம் போட்டார்கள். அட்டையின் கடைசி வரிவரைக்கும் ஊரே சரளமாகப் படித்தது. படித்துவிட்டு எழுந்து போகாமல் எல்லாரும் அந்த டாக்டரையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஏனென்றால் அந்தக் கொட்டகையில் மூக்கும் புருவமும் தெளிவாக இருந்த ஒரே ஆள் அவர்தான். அவர் கூச்சப்பட்டுக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டைக்கூட முடிக்காமல் கிளம்பிவிட்டார்.

ஊர் பழகிக்கொண்டது. நடையை வைத்தும் இருமலை வைத்தும் பீடி நாற்றத்தை வைத்தும் ஆளைக் கண்டுகொண்டார்கள். பிள்ளைகளுக்கு வீட்டுக்கொரு நிறத்தில் அரைஞாண் கயிறு கட்டினார்கள். முடிதிருத்துகிறவர் கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவித் தடவிச் சவரம் செய்தார், முன்பைவிட வெட்டுக்காயம் குறைந்தது. இரண்டு பேர் ஆள் மாறிச் சண்டை போட்டுவிட்டு, ஆரம்பித்தாயிற்றே என்று அதைத் தலைமுறைப் பகையாகவே வைத்துக்கொண்டார்கள். மாரியம்மனின் முகம் மட்டும் கலங்கவில்லை. அவள் ஒருத்தி தனித்துத் தெரிய வேண்டாம் என்று பூசாரி கனமாகச் சந்தனக்காப்புப் பூசிவிட்டார். செத்தவர்களின் முகம், மூச்சு நின்றதும் சட்டென்று தெளிந்தது. அதனால் சாவு வீட்டில் ஒப்பாரி கொஞ்சம் தாமதமாகவே தொடங்கிற்று; முதலில் எல்லாரும் குனிந்து, ஆமாம், இவன் இப்படித்தான் இருப்பான், மச்சம் இடப்பக்கம் அல்லவா என்று ஆசைதீரப் பார்த்துக்கொண்டார்கள். திருப்பூருக்குப் பிழைக்கப் போனவர்கள் பொங்கலுக்குத் தெளிந்த முகத்தோடு வந்து இறங்குகையில் துணியில்லாமல் வந்தவர்களைப் பார்ப்பதுபோலப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். காணும்பொங்கல் முடிவதற்குள் அவர்களும் கலங்கி, ஊரோடு ஊராகிவிட்டார்கள்.

பழகாதது ஆலை வாசல் ஒன்றுதான்.

அங்கே ஒரு மெஷின் இருந்தது. உள்ளே போகிறவர்கள் அதன் கண்ணாடிக்கு முன்னால் நிற்க வேண்டும். அது முகத்தைப் பார்த்து, ஒரு பெண் குரலில், வணக்கம், இன்னார், உள்ளே வரலாம் என்று சொன்னால்தான் கம்பிக்கதவு திறக்கும், அன்றைய கூலியும் ஏறும். வெடிக்கு மறுநாள் காலையிலிருந்து அது யாரைப் பார்த்தாலும் சிவப்பு விளக்கைப் போட்டு, முகம் தெரியவில்லை, முகம் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. பெயரைச் சொன்னார்கள், அட்டையைக் காட்டினார்கள், கைநாட்டு வைக்கிறோம் என்றார்கள். மேனேஜர் தியாகேசன் தன்மையான மனிதர், குரலை உயர்த்தாமல், “நான் நம்புறேம்ப்பா. மெஷின் நம்பணுமே” என்றார். ஊரில் அடுப்புகள் ஒவ்வொன்றாக அணையத் தொடங்கின.

மெஷினைப் பார்த்துக்கொள்கிற வேலை அம்சவல்லியுடையது. கோயம்புத்தூரில் படித்து, பெங்களூரில் இதே மாதிரி மெஷின்களுக்குப் படம் பார்க்கக் கற்றுக்கொடுக்கிற வேலையில் பல வருஷம் இருந்து, அம்மா படுத்த படுக்கையானபோது திரும்பிவந்தவள். அம்மா போன பிறகும் தங்கை கொளஞ்சிக்காகத் தங்கிவிட்டாள். ஒரே வீட்டிலிருந்து போய் அக்காள் ஆலையின் குளிர் அறையிலும், தங்கை ஆலையின் சாக்குக் கொட்டகையிலுமாக வேலை பார்த்தார்கள். திரும்பிவந்த சிமெண்டு சாக்குகளை உதறி அடுக்குவது கொளஞ்சியின் வேலை. இருவரும் ஒரே அச்சு. உள்ளூர்க்காரர்களே பின்னாலிருந்து அம்சா என்று கூப்பிட, கொளஞ்சி திரும்பி வாய்விட்டுச் சிரிப்பாள்.

“யக்கா, ஒன் மெஷினுக்கு வெள்ளெழுத்தா?” என்று கேட்டாள் கொளஞ்சி, கூலியில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு நாளில். “ஊரு நாய்க்குக்கூட என்னைத் தெரியுது.”

“நாயிக்கு மூக்கு இருக்கு. இதுக்குக் கண்ணு மட்டுந்தான்.”

“அப்ப கண்ணத் தொறந்து வுடு.”

எப்படித் திறப்பது என்று அம்சவல்லிக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த அன்று ஒவ்வொருவரையும் எடுத்த தெளிவான படம் இருக்கிறது. அதை எடுத்து மங்க வைக்க வேண்டும், பொரி தூவ வேண்டும், இழுக்க வேண்டும், சதுரமாக உடைக்க வேண்டும், ஒரே முகத்தை ஆயிரம் விதமாகக் கெடுக்க வேண்டும். கெடுத்து, இதுவும் நாகப்பன்தான், இதுவும் நாகப்பன்தான் என்று மெஷினுக்குச் சலிக்காமல் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவள் சொல்லிக்கொடுத்தாள். போதவில்லை, கணினி கெடுக்கிற கெடுப்பு ஒரு தினுசு, சுண்ணாங்குறிச்சி கெட்டது வேறு தினுசு.

அப்போதுதான் ஊர் உதவிக்கு வந்தது. கோயில் மைதானத்தில் கேமராவை வைத்ததும் திருவிழாக் கூட்டம் கூடியது. ஈரமுகத்தோடு நின்றார்கள், தூசி பூசி நின்றார்கள், அண்டாவில் வெந்நீர் கொதிக்கவிட்டு ஆவிக்குள் நின்றார்கள், பழைய வேட்டியைத் திரைபோலப் பிடித்து அதற்குப் பின்னால் நின்றார்கள், வெயிலுக்கு எதிராக நின்றார்கள், குதித்தார்கள், தலையை ஆட்டினார்கள். தான் எவ்வளவு தூரம் காணாமல் போக முடியும் என்பதை ஒவ்வொருவரும் ஒரு துளி மிச்சம் வைக்காமல் மெஷினுக்கு எடுத்துக் கொடுத்தார்கள். சங்கத் தலைவர் சின்னத்தம்பிதான் ஒருநாள் எல்லாருக்குமாகக் கேட்டார்.

“அம்சா, பேரு தப்பாச் சொன்னாக்கூடப் பரவால்லம்மா. அத நாங்க பேசித் தீத்துக்குறோம். தெரியலன்னு மட்டும் அது சொல்லக் கூடாது. அந்த வார்த்தைய அது வாயிலேருந்து எடுத்துரு.”

“அப்படி எடுக்கக் கூடாதுண்ணே. அது தெரியலன்னு சொல்றதும் ஒரு பதில்தான்.”

“பதிலா? எம் பேத்தி மூணாவது வேளையா வெறும் தண்ணியக் குடிக்குது. அதுகிட்ட சொல்லு, அதுவும் ஒரு பதில்னு.”

ஒரு முகத்தைப் பார்த்ததும் மெஷின் தனக்குள் எல்லாப் பெயர்களுக்கும் மதிப்பெண் போட்டு வரிசையில் நிறுத்தும்; முதலில் நிற்கிற பெயருக்கும் மதிப்பெண் போதவில்லையென்றால் தெரியவில்லை என்று சொல்லும். அந்தப் போதும் போதாது என்கிற கோட்டை அழித்துவிட்டால், எவ்வளவு குறைச்சலாக இருந்தாலும் முதலில் நிற்கிற பெயரைச் சொல்லிவிடும். கூட்டத்தில் ஒரு முகமும் தெளிவில்லை; எந்த முகம் கெஞ்சுகிறது, எது மிரட்டுகிறது என்று அம்சவல்லிக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அவள் அந்தக் கோட்டை அழித்தாள்.

மறுநாள் காலை மெஷின் தெளிவான குரலில் ஊரை ஒவ்வொருவராகப் பெயர்சொல்லி அழைத்தது. பூசணிக்காய் உடைத்தார்கள். மெஷினுக்குக் குங்குமம் வைத்தார்கள், கண்ணாடியில் படாமல் சற்றுத் தள்ளி. அதற்குப் பிறகு ஊரில் ஒரு வழக்கம் வந்தது: யார் மாடு, யார் பிள்ளை, இருட்டில் வேலி தாண்டியது யார் என்று எந்த வழக்கு வந்தாலும் ஆலை வாசலுக்குப் போய் மெஷினிடம் கேட்டார்கள், அது எதையும் பெயர் சொல்லி முடித்துவைத்தது. ஒரு கன்றுக்குட்டியைப் பார்த்துத் தபால்கார அம்மாவின் பெயரைச் சொன்னது. கன்று அந்த அம்மா வீட்டுக்கே போனது. கொஞ்ச நாளில் மனிதர்களும் தெரியவில்லை என்ற சொல்லை விட்டுவிட்டார்கள். வெளியூர்க்காரன் வழி கேட்டால், தெரியாவிட்டாலும், ஏதோ ஒரு திசையைக் கைகாட்டினார்கள்.

ஆடியில் மேனேஜர் தியாகேசன் அம்சவல்லியைக் கூப்பிட்டு ஒரு பழைய வீடியோவைக் கொடுத்தார்.

வெடிக்கு முந்தின வருஷத்தது அது. சாக்குக் கொட்டகைப் பெண்கள், வேலை முடிந்து போகும்போது முகம் கழுவ ஒரு தண்ணீர்க் குழாய் வேண்டும் என்று கேட்டு வாசலை மறித்தார்கள். தலையிலும் வாயிலும் துண்டு கட்டியிருந்தார்கள். தள்ளுமுள்ளில் கம்பிக்கதவு சாய்ந்து காவலாளி ஒருவரின் கால் நசுங்கியது. சாக்குகள் கிழிந்து எழுந்த சிமெண்டுப் புகையில் கேமராவுக்குக் கிடைத்தது வெறும் சாம்பல் தீற்றல்கள். யார் என்று சொல்ல முடியாமல் கேஸ் கிடப்பில் கிடந்தது.

“இப்ப நம்ம மெஷினுக்குத் தூசி ஒரு பொருட்டே இல்லையே, மேடம்” என்றார் தியாகேசன், உண்மையான பாராட்டோடு.

மெஷின் ஒவ்வொரு தீற்றலுக்கும் ஒரு பெயர் சொன்னது. மறியலுக்கு முன்பே செத்துப்போன ஒருத்தியின் பெயரைச் சொன்னது, அதைப் பட்டியலிலிருந்து அடித்தார்கள். இரண்டு இடத்தில் தியாகேசனின் பெயரையே சொன்னது; அவர் புன்சிரிப்போடு தானே அதை அடித்தார். மிஞ்சியது ஆறு பெண்கள். கதவுக்குப் பக்கத்தில், கையைத் தூக்கிய மாதிரி இருந்த ஒரு தீற்றலைப் பார்த்து, வணக்கம், கொளஞ்சி என்றது.

“சார், அன்னைக்கு அவ ஊர்லயே இல்ல. கடவாப்பல்லு பக்கத்துப் பல்லப் புடுங்க நான்தான் டவுனுக்குக் கூட்டிட்டுப் போனேன். பஸ்ஸு பூரா வாயில பஞ்ச வச்சிக்கிட்டு அழுதுகிட்டே வந்தா.”

“இருக்கலாம் மேடம். அப்ப மெஷின் தப்புன்னு எழுதிக் குடுங்க, மேலே அனுப்பறேன். அனுப்பினா, தப்பான மெஷினை வாசல்ல வச்சிருக்க முடியாது. நாளைக்குக் காலையில வாசலைச் சாத்திருவாங்க.” அவர் பேனாவை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். “உங்க இஷ்டம்.”

அவள் வீட்டுக்கு வருவதற்குள் செய்தி வந்திருந்தது. வாசலில் சின்னத்தம்பியும் இன்னும் பலரும் நின்றார்கள்.

“மெஷின் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார் ஒருவர்.

“பல்லுப் புடுங்கினது வேற நாளா இருக்கும்” என்றாள் ஒருத்தி.

“ஆறு பொம்பளைங்கதான அம்சா. ஊரு எவ்வளவு பெருசு” என்றார் சின்னத்தம்பி. சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை ஒற்றிக்கொண்டார். முகத்தில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்.

கொளஞ்சி உள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். “நானே போயிருப்பனோ என்னவோக்கா” என்றாள் கடைசியில். “எல்லாரும் சொல்றப்ப, தூசி வாசன கூட ஞாபகம் வர்ற மாதிரி இருக்கு.” அம்சவல்லி ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை. போலீஸ் ஜீப்பில் ஏறும்போது கொளஞ்சி திரும்பி, “யக்கா, கூழுல உப்பு போடல. போட்டுக்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சிறையில் தண்ணீர்க் குழாய் இருந்தது. ஒவ்வொரு முறை பார்க்கப் போகும்போதும் கொளஞ்சியின் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது: ஒருமுறை புருவம், ஒருமுறை மூக்குத்தித் துளை, அப்புறம் உதட்டோரச் சுழிப்பு, கடைசியில் சிரித்தபோது பல் போன அந்த இடைவெளி. அதைப் பார்த்ததும் அம்சவல்லி கம்பிவலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். “என்னாக்கா, பேயப் பாத்த மாரி பாக்குற?” என்று கேட்டாள் தங்கை.

ஐப்பசிக் காற்று தொடங்கிய ஒரு காலையில், ஆலை வாசலில் யாருமே நிற்காதபோது தரையிலிருந்து தூசி ஒன்று சுழன்று எழுந்தது. மெஷின் அதைப் பார்த்து, வணக்கம், கொளஞ்சி, உள்ளே வரலாம் என்றது. கதவு திறந்தது. தூசி உள்ளே போயிற்று. அன்றிலிருந்து காற்றடிக்கிற காலையெல்லாம் கொளஞ்சி வேலைக்கு வந்தாள். வரிசையில் நிற்பவர்கள் சற்று ஒதுங்கி வழிவிட்டார்கள், சிலர் என்னா கொளஞ்சி சௌக்கியமா என்றும் கேட்டார்கள்.

அம்சவல்லிக்கு ஒரு யோசனை வந்தது. மெஷின் தப்பு என்று சொன்னால்தானே வாசலைச் சாத்துவார்கள்? மெஷின் சரி என்றே சொல்வோம். தினமும் ஆலைக்கு வேலைக்கு வருகிறவள் எப்படிச் சிறையில் இருக்க முடியும்? அப்படியானால் சிறையில் இருப்பவள் கொளஞ்சி இல்லை, யாரோ ஒரு அப்பாவி, விட்டுவிடுங்கள். இதைத்தான் மனுவாக எழுதினாள். ஊரும் சந்தோஷப்பட்டது, யாருக்கும் நஷ்டமில்லாத நியாயம் என்று.

விசாரணை அதிகாரி அந்த மனுவை இரண்டு தரம் படித்தார். நியாயமாகத்தான் பட்டது. மெஷினையே சிறைக்குக் கொண்டுவரச் சொன்னார்.

சிறை அலுவலக மேசையில் அதை வைத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே, லாரி பிடித்து வந்திருந்த சுண்ணாங்குறிச்சி நின்றது. கொளஞ்சியைக் கூட்டிவந்து கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தினார்கள். எத்தனையோ மாதம் கழித்து ஒரு முழுத் தெளிவான முகத்தை மெஷின் பார்த்தது. கெட்ட முகங்களை மட்டுமே பார்த்துப் பார்த்துத் தேறியிருந்த அதற்கு இந்த முகம் புதிது. ஆனால் தெரியவில்லை என்று சொல்ல அதற்கு வாயில்லை. எந்தப் பெயர் முதலில் நின்றதோ அதைச் சொன்னது.

“வணக்கம், அம்சவல்லி. உள்ளே வரலாம்.”

அதிகாரி நிமிர்ந்தார். “அம்சவல்லிங்கறது நீங்கதானே?”

“ஆமா சார்.”

“அப்படியா? கொஞ்சம் முன்னால வாங்க.”

அவள் போய் நின்றாள். காலையில் ஊரிலிருந்து கிளம்பிய முகம். தேய்ந்த நகல்போலப் பொரிப்பொரியாக, கண் எங்கே முடிந்து கன்னம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் இருந்தது. மெஷினுக்குப் பழகின முகம் அது. கொஞ்சமும் தயங்கவில்லை.

“வணக்கம், கொளஞ்சி. உள்ளே வரலாம்.”

அறையில் யாரும் ஆச்சரியப்படவில்லை. அதிகாரி மட்டும் பெருமூச்சு விட்டார், சிக்கல் தீர்ந்தவர் விடுகிற பெருமூச்சு. “உங்க மனு சரிதான்மா. உள்ளே இருக்கறவங்க கொளஞ்சி இல்ல, அப்பாவிதான். இவங்களை விட்டுர வேண்டியதுதான்.” பேனா மூடியைத் திறந்தபடி, மரியாதையோடு கேட்டார்: “மெஷின் சொன்னதுல உங்களுக்கு ஆட்சேபணை எதாவது இருக்கா? இருந்தா இப்பவே சொல்லணும். நான் பதிவு பண்ணிக்கறேன்.”

அம்சவல்லி ஜன்னலைப் பார்த்தாள். அங்கே நின்றிருந்த ஊருக்குக் கண் இல்லை, வாய் இல்லை, ஒரு குறிப்பும் இல்லை. கம்பிகளைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும்தான் தெளிவாக இருந்தன. இந்தப் பக்கம் கொளஞ்சியின் முகம், ஒவ்வொரு மயிர்க்காலும் தெரிகிற முகம், அம்மாவின் நெற்றியோடு, பயத்தில் லேசாகத் திறந்த வாயோடு.

“யக்கா, எதாச்சும் சொல்லு” என்றது அந்த முகம்.

ஒரு வார்த்தை இருந்தது. அதை மெஷின் வாயிலிருந்து எடுத்தவளே அவள்தான். எடுத்து எங்கே வைத்தோம் என்று தேடுகிறவளைப்போல அவள் மேசைமேல் கண்ணை ஓட்டினாள்.

“ஆட்சேபணை இல்ல சார்.”

அதிகாரி எழுதிக்கொண்டார். ஜன்னல் விரல்கள் ஒவ்வொன்றாகக் கம்பியை விட்டன. நல்லவேளை என்று வெளியே யாரோ சொன்னது கேட்டது. சின்னத்தம்பியின் குரல்போல இருந்தது, ஆனால் நடையைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது.

கொளஞ்சி ஊருக்குப் போன மூன்றாம் நாள் கலங்கிப்போனாள். குளிர் அறையில் அக்காளின் நாற்காலியில் உட்கார்ந்து, எந்த விசையையும் தொடாமல் பூக் கட்டினாள். மெஷின் தன்பாட்டுக்கு ஓடிற்று, யாரும் ஒன்றும் கேட்கவில்லை. காற்றடிக்கிற காலைகளில் தூசி மட்டும் பெயர் மாறாமல் வந்துபோயிற்று. சாக்குக் கொட்டகைக்குக் குழாய் வரவில்லை.

சிறையில் அம்சவல்லி தினமும் குழாயடியில் முகம் கழுவினாள். தொட்டித் தண்ணீரில் ஒருநாள் புருவம் வந்தது, ஒருநாள் மூக்கு. முழுக்கத் தெளிந்தபோது கண்ணோரம் சுருங்கியிருந்தது, முன்நெற்றி நரைத்திருந்தது, பற்கள் எல்லாம் இருந்தன. கொளஞ்சிக்கு ஒரு பல் இல்லையே என்று ஒருத்தரும் எண்ணிப் பார்க்கவில்லை.

தை பிறந்த பிறகு ஒரு மத்தியானம், பார்வையாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். வலைக்கு அந்தப் பக்கம், கையில் தூக்குவாளியோடு, மழைக்கண்ணாடிக்குப் பின்னால் நிற்பதுபோல ஒரு முகம் நின்றது.

“யாரப் பாக்கணும்?” என்று கேட்டார் பெண் காவலர்.

“கொளஞ்சிய.”

“நீ யாரு?”

“அம்சவல்லி. அவ அக்கா.”

அந்தக் குரலில் விளையாட்டு இருக்கிறதா என்று அம்சவல்லி காது கொடுத்துக் கேட்டாள். பின்னாலிருந்து யாராவது தப்பாகக் கூப்பிட்டால் வருமே, அந்தச் சிரிப்பு எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கேட்டாள். இல்லை. சம்பளம் வாங்குகிற, வரிசையில் மரியாதையாக இடம் கிடைக்கிற, மேனேஜரே மேடம் என்று கூப்பிடுகிற ஒருத்தியின் குரலாக அது இருந்தது.

காவலர் இந்தப் பக்கம் திரும்பினார். “கொளஞ்சி, இது யாரு? தெரியுதா?”

“தெரியுது” என்றாள் அம்சவல்லி. “எங்கக்கா.”

வலைக்குக் கீழே இருந்த இடுக்கு வழியாகத் தூக்குவாளி உள்ளே வந்தது. கூழ். அவள் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். உப்பு போட்டிருக்கவில்லை.